கிருஷ்ணாயில் முதல் கிளாஸ்கோ வரை!

"ஸ்லோகன் சின்னதா, நச்சுனு இருக்கணும்டா. நின்னு படிக்க எவனுக்கும் நேரமில்ல!"

இப்படிச் சொல்லிவிட்டு சார்ட் பேப்பரை என் கையில் திணித்தார் எங்கள் காலேஜ் சுற்றுச்சூழல் மன்றத்துச் செயலாளர். சிம்போசியத்துக்கு பருவநிலை மாற்றம் பற்றி ஒரு போஸ்டர் வேணும். மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டில் கையெழுத்து புரிகிற மாதிரி எழுதும் ஒரே ஜீவன் அடியேன்தான் என்பதால், பொறுப்பு என் தலையில்!

அரை மணி நேரத்தில் ஸ்லோகன் ரெடி. 'மானியத்தை நிறுத்து... பூமியைக் காப்பாத்து!'

பெட்ரோல், டீசல், கேஸ், நிலக்கரி... இதுக்கெல்லாம் அரசாங்கம் கையிலிருந்து காசு போட்டு விலையைக் குறைக்குது. விலை குறைஞ்சா நாம நிறைய எரிப்போம். நிறைய எரிச்சா பூமி சூடாகும். ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வரும். (ஒரு லிட்டர் டீசலோட எடையே 830 கிராம் சொச்சம்தானே, எப்படி 2.7 கிலோன்னு கேட்கிறவங்களுக்கு... மீதி எடை காத்துல இருந்து வர்ற ஆக்ஸிஜன். தெர்மல் லேப் வைவாவில் நான் முழிச்ச கேள்வி இது!) ஆக, மானியத்தை நிறுத்தினா எல்லாம் சரியாகிடும். லாஜிக் கரெக்ட்தானே?

அன்னிக்கு ராத்திரி ஊருக்கு போன் போட்டேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறாள் எங்க ஆச்சி. போஸ்டர் பெருமையை அளந்துவிட்டேன். ஒரு நிமிஷம் பேசாமல் கேட்டவள், அப்புறம் பிடித்தாளே ஒரு பிடி!

"ஏலே... கிருஷ்ணாயில நிறுத்திப்புட்டானுவ. அடுப்பு பத்த வைக்க ஒரு சொட்டு கெடையாது. கேஸ் விக்கிற வெலைக்கு கையே வைக்க முடியல. இன்னும் எதையலே நிறுத்தச் சொல்லுத நீ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. போஸ்டரைச் சுருட்டி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, லைப்ரரியில் போய் உட்கார்ந்தேன். அதுக்கப்புறம் மூணு வாரம் நான் படிச்சதெல்லாம் தெர்மோடைனமிக்ஸைவிட சூடான மேட்டர்!

கேன், புனல், க்யூ...

சின்ன வயசில் லீவுக்கு ஊருக்குப் போனால் எனக்கு ஒரு டியூட்டி உண்டு. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊத்துற அன்னிக்கு, காலையிலேயே போய் க்யூவில் கேனை வைத்து இடம் பிடிக்கணும். ஆளுக்குப் பதிலா கேன்கள் வரிசையாக நிற்கும். சில கேன்களுக்குப் பதிலா செங்கல்கூட நிற்கும்! லிட்டர் பதிமூணு ரூபாயோ என்னவோ. வெளியே டீசல் அம்பது ரூபாயை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது.

ஆச்சி வீட்டில் கேஸ் அடுப்பும் உண்டு. 2007-ல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்ததே, அந்த அடுப்பு. ஆனால் அது காலையில் காபி போடவும், விருந்தாளி வந்தால் 'பந்தா' காட்டவும் மட்டும். சோறும் குழம்பும் விறகு அடுப்பில்தான். விறகைப் பத்தவைக்க ரெண்டு சொட்டு, கரன்ட் போனால் சிம்னி விளக்குக்குக் கொஞ்சம்... இதுதான் அவளுடைய மண்ணெண்ணெய் பட்ஜெட்.

அந்த எண்ணெய்க்கு லேசாக நீல நிறம் இருக்கும். அப்போ அது எனக்கு சும்மா அழகு. அந்த நீலத்துக்குப் பின்னாடி ஒரு பெரிய கதையே இருக்குன்னு இப்பதான் தெரியுது. ரேஷன் மண்ணெண்ணெயை யாரும் டீசலில் கலந்து விற்றுவிடக் கூடாது, கலந்தால் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம்னுதான் அந்த சாயம். ஆனால், சாயத்தை நீக்கக் களிமண்ணும் கரியும் போதும் என்று கலப்படக்காரர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். (கெமிஸ்ட்ரி லேபில் நமக்கு வராத வடிகட்டல், அவர்களுக்கு அப்படியே வந்திருக்கிறது!)

கணக்குப் போட்டுப் பாருங்க. 2005-ல் டெல்லியில் ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் 9 ரூபாய் சொச்சம். டீசல் 30 ரூபாய் சொச்சம். வித்தியாசம் இருபது ரூபாய்க்கும் மேல். 12,000 லிட்டர் டேங்கர் ஒன்றைத் திருப்பிவிட்டால் ஒரே ராத்திரியில் இரண்டரை லட்சம் ரூபாய் வரை லாபம். அந்த வருஷம் தேசிய பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் குழு கொடுத்த அறிக்கைப்படி, ரேஷனுக்குப் போக வேண்டிய மண்ணெண்ணெயில் சுமார் 38 சதவிகிதம் ஏழைகள் வீட்டுக்குப் போகவே இல்லை. கருப்புச் சந்தைக்கும் கலப்படத்துக்கும் போய்விட்டது.

இதைப் படிக்கும்போது ஒரு பெயரில் போய் மனசு நின்றுவிட்டது. சண்முகம் மஞ்சுநாத்.

கோலார் தங்கவயல்காரர். மைசூரில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, லக்னோ ஐ.ஐ.எம்-மில் எம்.பி.ஏ முடித்தவர். லட்ச லட்சமாகச் சம்பளம் தருகிற வேலைகளுக்குப் போகாமல் இந்தியன் ஆயில் நிறுவனத்தில் சேல்ஸ் ஆபீஸராகச் சேர்ந்தார். உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் போஸ்டிங். கலப்பட எண்ணெய் விற்ற ஒரு பங்க்குக்கு சீல் வைத்தார். பங்க் மறுபடி திறந்ததும், திரும்பவும் கலப்படம் நடக்குதான்னு பார்க்க அங்கே போனார். 2005 நவம்பர் 19-ம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். வயசு 27. என்னைவிட ஏழு வயசுதான் பெரியவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை உறுதியானது 2015-ல்.

அதோடு முடியவில்லை. 2011 ஜனவரி 25. மகாராஷ்டிராவில் மன்மாட் பக்கத்தில், கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனாவணே எண்ணெய்த் திருட்டைக் கண்ணால் பார்த்து, பிடிக்க வண்டியை நிறுத்தினார். நடுரோட்டில் உயிரோடு எரித்தார்கள்.

ஏழைக்குப் போகட்டும்னு விலையைக் குறைச்சாங்க. அந்த விலை வித்தியாசமே ஒரு கொலைகாரக் கூட்டத்தை உருவாக்கிடுச்சு. 'மானியம் நல்லதா கெட்டதா'ன்னு பட்டிமன்றம் நடத்துறதுக்கு முன்னாடி, இந்த ரெண்டு பேரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கலாம்.

காருக்குக் கொடு, பஸ்ஸுக்குக் கொடுக்காதே!

மண்ணெண்ணெயைவிடப் பெரிய பூதம் டீசல். சர்வதேச விலை ஒன்று, பங்க்கில் அரசு சொல்கிற விலை ஒன்று. நடுவில் விழுகிற பள்ளத்துக்கு எண்ணெய் கம்பெனிகள் வைத்த பெயர் 'அண்டர் ரெக்கவரி'. 2012-13 ஒரு வருஷத்தில் மட்டும் டீசல், கேஸ், மண்ணெண்ணெய் மூன்றுக்கும் சேர்த்து இந்தப் பள்ளம் 1.61 லட்சம் கோடி ரூபாய். அதில் டீசல் மட்டும் 92 ஆயிரம் கோடி!

இந்தக் காசு யாருக்குப் போச்சு? 'விவசாயிக்கு, லாரிக்கு, பஸ்ஸுக்கு'ன்னு சொன்னாங்க. போச்சுதான். கூடவே, செல்போன் டவர் ஜெனரேட்டருக்கும், ஷாப்பிங் மால் ஜெனரேட்டருக்கும், புத்தம் புதுசா வந்த சொகுசு ஜீப்புகளுக்கும் போச்சு. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை இடைவெளி அதிகமானதும் மக்கள் டீசல் காராக வாங்கித் தள்ளினார்கள். 2012-13 வாக்கில் நாட்டில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல் கார். டேங்க் பெருசா இருந்தா மானியமும் பெருசு. சைக்கிளில் போறவருக்கு சைபர். சர்வதேச நிதியத்தின் ஆய்வாளர்கள் 20 வளரும் நாடுகளை எடுத்துப் பார்த்து 2012-ல் சொன்னதும் இதுதான்... எரிபொருள் மானியத்தில் கடைசித் தட்டு 20 சதவிகித மக்களுக்குக் கிடைப்பதைப்போல ஆறு மடங்கு, மேல்தட்டு 20 சதவிகிதத்துக்குப் போகிறது.

காமெடியின் உச்சம் 2013 ஜனவரியில். டீசல் மானியத்தைக் குறைக்கணும்னு மத்திய அரசு ரெண்டு முடிவு எடுத்தது. சில்லறையில் வாங்குறவங்களுக்கு மாசம் அம்பது பைசா மட்டும் ஏத்துறது. மொத்தமா வாங்குறவங்களுக்கு மட்டும் உடனே முழு விலை. மொத்தமா வாங்குறவங்க யாரு? ரயில்வே, ராணுவம்... அப்புறம் நம்ம அரசு பஸ் டெப்போ! ஒரே நாளில் லிட்டருக்குப் பத்து ரூபாய் போல ஏறிப்போச்சு. தமிழ்நாட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? டெப்போவில் சொந்த டேங்க்கை வைத்துக்கொண்டே, அரசு பஸ்களை வெளியே இருக்கிற பங்க்குகளுக்கு அனுப்பி டீசல் போட்டார்கள்! முன்னால் ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்திருக்கிற ஏ.சி. கார், பின்னால் ஐம்பது பேர் தொங்குகிற அரசு பஸ். காருக்கு மானியம் உண்டு. பஸ் அந்த வரிசையில் போய் நின்றால்தான் உண்டு.

பருவநிலைக்காக ஒரு மானியத்தை வெட்டணும்னா, உலகத்துலேயே கடைசியா வெட்ட வேண்டியது அந்த பஸ்ஸோடதுதான். முதலில் வெட்டினது அதைத்தான்!

அம்பது பைசா அரசியல்

அப்போ ஒரேயடியா நிறுத்தியிருக்க வேண்டியதுதானே? நைஜீரியாவில் செய்து பார்த்தார்கள். 2012 ஜனவரி 1, புத்தாண்டுப் பரிசாக பெட்ரோல் 65 நைராவிலிருந்து 140-ஐத் தொட்டது. நாடே ஸ்தம்பித்தது. இரண்டே வாரத்தில் அரசு இறங்கி வந்து 97 ஆக்கியது. எண்ணெய் கொழிக்கும் நாட்டில், 'அரசாங்கத்திடமிருந்து எங்களுக்குக் கிடைக்கிற ஒரே நன்மை மலிவு பெட்ரோல்தான்' என்று மக்கள் நினைத்தால், அதைப் பிடுங்கும்போது சும்மா இருப்பார்களா? ஈரான் வேறு ரூட் பிடித்தது. 2010 டிசம்பரில் விலையை ஏத்துறதுக்கு முன்னாடியே குடும்பங்களோட வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டுட்டாங்க. ஆனா, விலை ஏறுகிற நாள் வரைக்கும் அந்தப் பணத்தை எடுக்க முடியாது! கணக்கில் காசு தெரியுது, அதனால் கலவரம் இல்லை. (பின்னால் வந்த பணவீக்கம் அந்தக் காசைக் கரைத்தது தனிக் கதை.)

நம்ம ஊர் ரூட், பாம்பும் சாகாமல் தடியும் ஒடியாமல்! 2010 ஜூனில் பெட்ரோல் விலையைக் கட்டுப்பாட்டிலிருந்து விட்டார்கள். டீசலைத் தொட பயம். 2012 செப்டம்பரில் டீசலை 5 ரூபாய் ஏத்தி, மானிய சிலிண்டர் வருஷத்துக்கு ஆறுதான்னு சொன்னதும், சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடும் சேர்ந்துகொள்ள, மம்தா பானர்ஜி கூட்டணியை விட்டே வெளியேறினார். ஆறு சிலிண்டர் 2013-ல் ஒன்பது ஆச்சு. 2014 தேர்தலுக்கு முன்னாடி, ஒன்பது போதாதுன்னு கட்சி மேடையில் ராகுல் காந்தி கேட்க, ரெண்டே வாரத்தில் பன்னிரண்டு ஆச்சு. எங்க வீட்டில் அம்மா கணக்குப்படி வருஷத்துக்கு எட்டுதான் ஆகும். பன்னிரண்டு யார் வீட்டுக்குன்னு அம்மாவுக்கு இன்னமும் புரியலை!

டீசலில் மாசம் அம்பது பைசா வைத்தியம் மட்டும் சத்தமில்லாமல் வேலை செய்தது. பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுகிற நாட்டில் அம்பது பைசாவுக்கு யார் பந்த் நடத்துவார்கள்? அப்புறம் அடித்தது ஜாக்பாட். 2014 ஜூனில் பேரல் 110 டாலர் இருந்த கச்சா எண்ணெய், அந்த வருஷக் கடைசியில் பாதியாகச் சரிந்தது. அந்த அக்டோபரில், புது அரசு டீசலையும் கட்டுப்பாட்டிலிருந்து விட்டது. விலை ஏறவில்லை, இறங்கியது! எதிர்ப்பே இல்லாமல் இந்தியாவின் மிகப்பெரிய எரிபொருள் மானியம் மறைந்தது.

மண்ணெண்ணெய்க்கும் அதே மருந்துதான். 2016 ஜூலையிலிருந்து மாசத்துக்கு 25 காசு, அப்புறம் பதினைந்து நாளைக்கு 25 காசு. 2020-ல் மானியம் பூஜ்யம். 2011 சென்சஸ் எடுத்தபோது இந்திய கிராமங்களில் 43 சதவிகித வீடுகளில் விளக்கு எரிந்ததே மண்ணெண்ணெயில்தான். பத்து வருஷத்தில் கரன்ட் போய்ச் சேர்ந்ததால்தான் இதைச் சத்தமில்லாமல் செய்ய முடிந்தது. இதில் பூமிக்கும் நிஜமான லாபம் உண்டு. திரி விளக்கில் எரிகிற மண்ணெண்ணெயில் 7 முதல் 9 சதவிகிதம் கரும்புகையாக, அதாவது கிட்டத்தட்ட சுத்தமான கார்பன் துகளாக வெளியே வருகிறது என்று 2012-ல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அந்தக் கரி வெயிலைக் குடித்துக் காற்றைச் சூடாக்கும். ஆச்சி வீட்டுச் சுவரில் விளக்குக்கு மேலே இருக்கிற கறுப்பு வட்டத்துக்கு இதுதான் சயின்ஸ்.

மாற்றைக் கொடுத்துவிட்டு எடுத்தால் சத்தம் வராது. விளக்கு விஷயத்தில் மாற்று வந்துவிட்டது. ஆச்சியின் அடுப்பைப் பத்தவைக்கிற அந்த ரெண்டு சொட்டு மட்டும் யார் கணக்கிலும் வரவில்லை.

மானியம் போச்சு... வரி வந்துச்சு!

இங்கேதான் எனக்கு நிஜமான ஷாக். கச்சா எண்ணெய் சரிந்ததே, அந்த லாபம் எங்கே போச்சு? 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் நடுவில் மத்திய அரசு கலால் வரியை ஒன்பது முறை ஏத்தியது. கொரோனா ஊரடங்கில் நாமெல்லாம் வீட்டில் தாயம் ஆடிக்கொண்டிருந்தபோது, 2020 மே மாதம் ஒரே அடியாக பெட்ரோலுக்குப் பத்து ரூபாய், டீசலுக்குப் பதின்மூன்று ரூபாய் ஏத்தினார்கள். அப்போ ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய கலால் மட்டும் 32.98 ரூபாய் ஆச்சு! 2014-15-ல் பெட்ரோலியப் பொருட்களின் கலால் வருமானம் ஒரு லட்சம் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. 2020-21-ல் சுமார் 3.7 லட்சம் கோடி.

2015-ல் வந்த மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை இதற்கு அழகான விளக்கம் வைத்திருந்தது. இந்தியா கார்பனுக்கு மானியம் கொடுக்கிற நாடாக இருந்து, கார்பனுக்கு வரி போடுகிற நாடாக மாறிவிட்டது என்றது. இன்ஜினீயராக யோசித்தால் சரிதான். விலை ஏறினால் எரிப்பது குறையும். ஆனால், கார்பன் வரின்னு பேர் வச்சா, அந்தக் காசு கார்பனைக் குறைக்கிற வேலைக்குப் போகணுமில்லையா? பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போகணுமில்லையா?

நிலக்கரி கதையைக் கேளுங்க. 2010-ல் டன்னுக்கு 50 ரூபாய்னு ஒரு தூய ஆற்றல் செஸ் போட்டார்கள். சூரிய ஒளி, காற்றாலைக்கு நிதி என்றார்கள். 2016-க்குள் அது 400 ரூபாய் ஆனது. 2017-ல் ஜி.எஸ்.டி வந்ததும் பெயரை மாற்றி, மாநிலங்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கிற கணக்கில் சேர்த்துவிட்டார்கள். 2025 செப்டம்பரில் அந்த செஸ்ஸே போய்விட்டது. பதிலுக்கு நிலக்கரிக்கு ஜி.எஸ்.டி 5-லிருந்து 18 சதவிகிதம். பூமிக்காக ஆரம்பித்த உண்டியல், எப்போ பட்ஜெட் உண்டியல் ஆச்சுன்னே தெரியலை.

அரசுகளுக்கு இது ஒரு போதை. மத்தியில் கலால், மாநிலத்தில் வாட். ஜி.எஸ்.டி வந்து இத்தனை வருஷம் ஆகியும் பெட்ரோலும் டீசலும் அதுக்குள்ளே வரலை. அங்கே ஆள்கிற கட்சி மாநிலத்தைக் கைகாட்டும், இங்கே ஆள்கிற கட்சி மத்தியைக் கைகாட்டும். 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு பெட்ரோலுக்கு மூணு ரூபாய் குறைச்சப்போ, வருஷத்துக்கு 1,160 கோடி இழப்புன்னு கணக்குச் சொன்னாங்க. மூணு ரூபாய்க்கே அவ்வளவு! நாளைக்கு எல்லோரும் மின்சார வண்டிக்கு மாறிட்டா இந்த ஓட்டையை எதை வச்சு அடைப்பாங்க? மானியம் கொடுத்த காலத்தில் அரசாங்கம் எண்ணெயை விட முடியாமல் தவித்தது. வரி வாங்குகிற காலத்திலும் எண்ணெயை விட முடியாது. இதை என் ரூம்மேட்டிடம் சொன்னேன். "மச்சி, டாஸ்மாக் மாதிரின்னு சொல்லு" என்றான். ஒரே வரியில் முடிச்சிட்டான் பாவி!

இந்த வரியைக் கட்டுறதும் ஏ.சி. கார்க்காரர் மட்டும் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஹாஸ்டல் வாசலில் பிரியாணி கொண்டுவந்து கொடுக்கிற, நம்ம வயசுப் பையனோட பைக் டேங்க்கிலும் அதே வரிதான்.

ஒரு நல்ல விஷயமும் சொல்லணும். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண அரசு பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைன்னு கொண்டுவந்தாங்க. அதுவும் மானியம்தான். ஆனா, லிட்டருக்குக் கொடுக்கலை, பயணத்துக்குக் கொடுத்தாங்க. பெரிய டேங்க் வச்சிருக்கிறவருக்கு அதில் பங்கு கிடையாது. 2013-ல் தனியார் பங்க் வரிசையில் நின்ன அந்த பஸ்ஸை நினைச்சுக்கிட்டு இதைப் பார்த்தா வித்தியாசம் புரியும்.

கிளாஸ்கோவில் ஆச்சி அடுப்பு

2009 செப்டம்பரில் பிட்ஸ்பர்க்கில் கூடின ஜி-20 நாடுகள், திறனற்ற எரிபொருள் மானியங்களைப் படிப்படியாக நிறுத்துவோம்னு ஒப்புக்கொண்டன. எதுவரைக்கும்? 'நடுத்தரக் கால அளவில்.' நானும் அரியரை அதே கால அளவில்தான் க்ளியர் பண்றதா வீட்டில் சொல்லியிருக்கேன்! 2022-ல் உக்ரைன் போரால் விலை எகிறினப்போ, உலக நாடுகளின் நேரடி எரிபொருள் மானியம் ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டிப்போச்சு. சர்வதேச நிதியம் புகையால் வருகிற நோய், பருவநிலைச் சேதம் எல்லாவற்றையும் சேர்த்து 7 லட்சம் கோடி டாலர்னு கணக்குச் சொன்னது. யாரும் பில் போடாத நஷ்டம்தான் அதில் பெரும்பங்கு. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆத்துல கலந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போச்சே... அந்த மாதிரி நஷ்டங்கள். பிட்ஸ்பர்க் வாக்குறுதியில் 'திறனற்ற' என்று ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அதுக்குள்ளே எல்லா நாடும் புகுந்து வெளியே வந்துடலாம். எந்த நாடு தன் மானியத்தைத் திறனற்றதுன்னு ஒத்துக்கும்?

2021 நவம்பர், கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டின் கடைசி நாள். நிலக்கரியை 'படிப்படியாக ஒழிப்பது' என்று இருந்ததை 'படிப்படியாகக் குறைப்பது' என்று இந்தியா மாற்ற வைத்தது. தலைவர் அலோக் சர்மா மேடையிலேயே கண்கலங்கினார். உலகப் பத்திரிகைகள் நம்மைத் திட்டித் தீர்த்தன. அதே நாளில் நம் அமைச்சர் பூபேந்தர் யாதவ் சொன்ன இன்னொரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஏழை வீடுகளுக்குக் கொடுத்த கேஸ் மானியத்தால்தான் விறகுப் புகையிலிருந்து பெண்கள் தப்பித்தார்கள், எல்லா மானியமும் ஒன்றல்ல என்று அவர் வாதாடினார்.

எனக்கு அதைப் படிச்சப்போ புல்லரிச்சது. அட, எங்க ஆச்சி அடுப்பைப் பத்தி கிளாஸ்கோவில் பேசியிருக்காங்க! வாதம் சரியானதும்கூட. ஓர் அமெரிக்கர் வருஷத்துக்கு 14 டன் போல கார்பன் டை ஆக்ஸைடு விடுகிறார், ஓர் இந்தியர் சராசரியாக 2 டன். ஆச்சி அந்த இரண்டையும் தொடமாட்டாள்.

ஆனா, அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன். கிளாஸ்கோவில் அந்த வாதம் வைக்கப்பட்ட நேரத்தில், இங்கே கேஸ் மானியம் கிட்டத்தட்ட நின்றுபோய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது! 2020 மே மாதத்துக்கு அப்புறம் பெரும்பாலான வீடுகளுக்கு மானியம் வரவில்லை. ஆச்சி கணக்கில் இருபத்துச் சொச்சம் ரூபாய் விழும். 'கரன்டு பில்லுக்குக்கூட ஆவாதுலே' என்பாள். 2023 மார்ச்சில் சென்னையில் சிலிண்டர் 1,118.50 ரூபாய். மானியத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், உஜ்வாலா திட்டத்தில் இணைப்பு வாங்கினவர்களுக்கு மட்டும். 2022 மே மாதம் 200 ரூபாய், 2023 அக்டோபரிலிருந்து 300. அப்படியும் 2022-23-ல் ஓர் உஜ்வாலா வீடு சராசரியாக எடுத்தது வருஷத்துக்கு 3.7 சிலிண்டர். மீதி நாள் சமையல் எதில் நடக்குதுன்னு சொல்லணுமா?

போன வாரம் சனி, ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். ஆச்சி பனையோலையைக் கிழித்து அடுப்புக்குள் செருகி, தீப்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஓலை குப்பென்று எரிந்து அணைகிறது, விறகு பிடிக்கவில்லை. மூன்றாவது தடவைதான் பிடித்தது. வீடு முழுக்கப் புகை. நான் இருமிக்கொண்டே 300 ரூபாய் மேட்டரைச் சொன்னேன். அவள் கண்ணில் ஒரு பல்ப் எரிந்தது.

"எனக்கு ஏம்ல வரல?"

"அது 2016-க்கு அப்புறம் அந்தத் திட்டத்துல கனெக்‌ஷன் வாங்கினவங்களுக்கு ஆச்சி. உனக்குத்தான் 2007-லேயே கேஸ் வந்துருச்சே."

கொஞ்ச நேரம் யோசித்தாள். ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"அப்பம் அந்த ஓசி அடுப்ப அன்னிக்கு வேண்டாம்னு சொல்லியிருந்தா, இப்பம் முன்னூறு வந்திருக்குமாலே?"

நான் போனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். மன்றச் செயலாளரிடமிருந்து நாலாவது மெசேஜ்... 'போஸ்டர் எங்கடா? திங்கக்கிழமை லாஸ்ட்.' கட்டிலுக்கு அடியில் இருக்கிற சார்ட்டில் 'நிறுத்து' என்ற வார்த்தை மேல் வெள்ளை பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் எழுதுவதற்கு நச்சென்று ஒரு வார்த்தை இன்னும் கிடைக்கவில்லை.

ஆச்சி எழுந்துபோய் மூலையில் இருந்த சிலிண்டரைச் சாய்த்து ஆட்டிப் பார்த்தாள்.

"காபிக்கு மட்டும்னா பொங்கல் வரைக்கும் வரும்" என்றாள்.